மியூட் போட்ட வில்லன்

மூன்று வாரத்துக்கு முன்னால், கல்வராயன் மலையில், அருவியில் குளிக்க வந்த அத்தனை பேருக்கும் எதிரில், என் மாமனாரைப் பார்த்து விரலை நீட்டி, "ஏய் நாடோடி!" என்று கத்தினேன்.

கெட்ட வார்த்தை இல்லை, சரி. ஆனாலும் ஒரு மருமகள் பேசுகிற பேச்சா அது?

என்னை உங்களுக்குத் தெரியும். ரசத்துக்கு உப்பு போட்டோமா என்று அடுப்பை அணைத்த பிறகும் ருசி பார்க்கிற ஆள். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டில் இருந்து திரும்பி வருகிற ஆள். மாமனார் எதிரில் கால் மேல் கால் போட யோசிப்பேன். அப்புறம், இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யோசிக்கலாமா என்று அதையும் யோசிப்பேன். இதை எழுதலாமா வேண்டாமா என்பதற்கே இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் நிலாவுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டுவாள். பிஸ்கட் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துப் போவாள். கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னால் புரிந்துகொள்வாள், சிரிப்பாள். ஆனால் 'அம்மா' மட்டும் வரவில்லை. காது டெஸ்ட் எடுத்தோம். நன்றாகக் கேட்கிறது. "வீட்டுல நிறைய பேசுங்க. டிவி, செல்போன் காட்டாதீங்க. அப்புறம் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

பார்ப்போம் என்றால்? என்ன பார்ப்போம்? எதுவரை பார்ப்போம்?

பக்கத்து வீட்டுப் பையன் இவளைவிடச் சின்னவன். காய்கறி வண்டிக்காரரிடம் கொத்தமல்லி ஓசி கேட்கிறான். அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்து நான் அழுத நாட்கள் உண்டு. என் கணவர், "எங்க வூட்டுல எல்லாருக்குமே பேச்சு லேட்டுதான்" என்பார். இருக்கலாம். ஆனால் வந்த பிறகு நிற்கிறதில்லையே!

உதாரணம், என் மாமனார்.

மாமா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கள்ளக்குறிச்சியில் எங்களோடு இருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் உயிர். அவருக்கு ஒரு ஹீரோ உண்டு. பெயரைச் சொன்னால் மற்ற ஹீரோவின் ஆட்கள் எனக்குக் கடிதம் எழுதுவார்கள், அதனால் சொல்லவில்லை. 'எங்க ஆளு' என்பார். அதே மாதிரி மீசை வைத்திருக்கிறார். பேனாவால் கோடு போட்ட மாதிரி.

ஞாயிறு மதியம் ஆனால் இரண்டு நண்பர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் இக்பால் பாய். கடைத்தெருவில் பாத்திரக்கடை. இன்னொருவர் செல்வராசு மாமா. நைனார்பாளையத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார், மொபெட்டில் வருவார். மூவரும் சேர்ந்து எங்கள் ஹாலில் ஒரு பழைய படம் பார்ப்பார்கள். பெரும்பாலும் பார்த்த படத்தையே.

சிக்கல் என்னவென்றால், அதே நேரத்தில்தான் நிலா தூங்க வேண்டும். ஹாலை ஒட்டி ஒரே ஒரு ரூம், அதில் தூளி. மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். டிவி சவுண்டை வைத்தால் முழுசாக வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் கேட்காது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஹாலுக்கு வந்து, வாயில் விரலை வைத்து, "மெல்ல மாமா! பாப்பா தூங்குதுல்ல!" என்றேன். சொன்னதும் எனக்கே பயம். பெரியவர்களிடம் இப்படிப் பேசிவிட்டோமே...

மாமா கோபிக்கவில்லை. ரிமோட்டை எடுத்து மியூட் போட்டார்.

"இன்னாய்யா ஊமைப்படமா?" என்றார் செல்வராசு மாமா.

"நமக்கு இன்னாத்துக்குய்யா சவுண்டு? வசனம் தெரியாதா?"

தெரியும். மூவருக்கும் முழுப்படமும் தெரியும். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. டிவியில் வாய் அசையும், ஹாலில் வசனம் வரும். அதுவும் ரகசியக் குரலில். ஹீரோ எப்போதும் மாமா. வில்லன் செல்வராசு மாமா — தோட்டத்தில் ஆடு மேய்ந்தால்கூட, "போ கண்ணு, போ" என்று கும்பிட்டு அனுப்புகிறவர். அழுகிற தாய் வேஷம் இக்பால் பாய்க்கு. ஒருவர் வசனத்தை இன்னொருவர் எடுத்தால் அடுத்த வாரம் டீ கிடையாது.

ரகசியமாக கர்ஜிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். கழுத்து நரம்பு புடைக்கும், கண் பிதுங்கும், கை ஓங்கும்... சத்தம் மட்டும் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற அளவுக்கு வரும். பாய் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுவார். வாசல் வழியாகப் பார்க்கிற யாராவது, இந்த வீட்டில் என்ன துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நான் நிம்மதியாக இருந்தேன். பாப்பா தூங்குகிறாள். டிவி பார்ப்பதில்லை. டாக்டர் சொன்னபடி எல்லாம் நடக்கிறது. பேச்சைத் தவிர.

இந்த நேரத்தில்தான் அருவிச் சண்டை வந்தது.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு படத்தில், கடைசி சீனில் ஹீரோவும் வில்லனும் அருவி முன்னால் நின்று வசனம் பேசுகிறார்கள். அது எந்த அருவி?

"நம்ம கல்வராயன் மலைதான்யா. பாறையப் பாத்தாலே தெரியல?" இது மாமா.

"குத்தாலம்" என்றார் பாய்.

"ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினு இருக்கீங்க? அது ஸ்டூடியோ. மேல ஆளை ஏத்தி ஓஸ் பைப்புல தண்ணி வுட்டிருக்கான்" என்றார் செல்வராசு மாமா.

மாமா மூன்று நாள் சாப்பிடும்போது பேசவில்லை. எங்க ஆளு ஓஸ் பைப்புக்கு முன்னாலா நின்றார்! கடைசியில், நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. அதே பாறையில் நின்று, அதே வசனத்தைப் பேசிப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

குழந்தைகளை வெளியே கூட்டிப்போனால் பேச்சு வரும் என்று எங்கோ படித்திருந்தேன். "நாங்களும் வர்றோம் மாமா" என்றேன். மலைக்காற்று ஒத்துக்கொள்ளுமா, பாறை வழுக்குமா, குரங்கு பிடுங்குமா என்ற யோசனை எல்லாம் கச்சிராயபாளையம் தாண்டிய பிறகுதான் வந்தது. கோமுகி அணையைக் கடந்து வளைவுகள் ஆரம்பித்ததும் வாந்திக் கவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் கார் ஓட்டினார். பின் சீட்டில் ரகசியமாக ரிகர்சல் நடந்துகொண்டிருந்தது.

ரோட்டை ஒட்டியே இருக்கிறது பெரியார் அருவி. நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். மாமா செல்போனில் எடுத்து வைத்திருந்த சீனையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதேதான்! அந்த மூக்கு மாதிரி நிக்குது பாரு" என்றார். எனக்கு எல்லாப் பாறையும் மூக்கு மாதிரிதான் தெரிந்தது.

மூவரும் நின்றார்கள். மாமா நெஞ்சை நிமிர்த்தினார். செல்வராசு மாமா வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை ஜமீன்தார் மாதிரி போட்டுக்கொண்டார்.

பேசத் தொடங்கினார்கள். எப்படி? ரகசியமாக!

பழகிவிட்டது பாருங்கள். தூங்குகிற பாப்பா இல்லை, சுவர் இல்லை, மலையே அதிர்கிற மாதிரி அருவி கொட்டுகிறது... மூன்று பேரும் காற்று இறங்கின குரலில் கர்ஜித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசியது அடுத்தவருக்குக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் பதில் சொன்னார்கள்.

தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். "இன்னா மேடம், வாய் பேச முடியாதவங்களா?"

"இல்லைங்க... சினிமா ரசிகர்கள்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பதில் புரிந்த மாதிரி இல்லை.

அப்போதுதான் செல்வராசு மாமா பாதி வசனத்தில் நின்றார். ஓங்கின கை ஓங்கினபடி இருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. வசனம் வரவில்லை. வீட்டில் என்றால் டிவியில் வாயசைவு தெரியும். இங்கே தண்ணீர்தான் தெரிகிறது. மறந்துவிட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்தியபடி காத்திருந்தார். அவர் பேசாமல் இவர் பதில் சொல்ல முடியாது, அது குரூப் சட்டம்.

நிலா என் இடுப்பில் இருந்தாள். சாரலுக்குப் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாயை என் காதில் வைத்திருந்தாள்.

என் காதுக்குள் ஒரு சின்னக் காற்று வந்தது.

"ஏய் நாதோதி... மலையும் எந்து. மழையும் எந்து. உயி மத்தும் உந்தா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குளிரா? அருவிச் சத்தமா? பிரமையா? முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன உதடு அசைகிறது. மறுபடி அதே வசனம். கழுத்து நரம்புகூடப் புடைத்திருந்தது!

"பேசிட்டா! பாப்பா பேசிட்டா!" என்று கத்தினேன்.

"இன்னாம்மா?" என்றார் மாமா, காதில் கையை வைத்துக்கொண்டு.

"பாப்பா பேசிட்டா மாமா!"

"இன்னா சொன்னா?"

அருவிச் சத்தத்தைத் தாண்டி அவர் காதில் விழ வேண்டுமே. முழு பலத்தையும் கூட்டி, விரலை நீட்டி, கத்தினேன்.

"ஏய் நாடோடி! இந்த மலையும் என்னுடையது, மழையும் என்னுடையது! உன் உயிர் மட்டும் உன்னுடையதா?"

அருவிக்கரையே திரும்பிப் பார்த்தது. சோப்பு போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். என் கணவர் கார் சாவியைக் கீழே போட்டார்.

மாமா என்ன செய்தார் தெரியுமா? நெஞ்சில் கையை வைத்து, எனக்குப் பதில் வசனம் சொன்னார்! "என் உயிர் என்னுடையதல்ல ஜமீன்தாரே... இந்த மண்ணுடையது!" அதுவும் ரகசியமாக.

"கோதண்டம், ஒம் மருமவளுக்கு வில்லன் சூப்பரா வருதுய்யா" என்றார் செல்வராசு மாமா, கொஞ்சம் பொறாமையாக.

"நான் சொல்லலைங்க! இவ சொன்னா!"

யாரும் நம்பவில்லை. இக்பால் பாய்தான் பக்கத்தில் வந்து, "சொல்லு கண்ணு" என்று நிலாவின் வாயருகே காதை வைத்தார். அவள் அவரைப் பார்த்தாள். யார் முன்னால் எந்த வசனம் என்று தெரிந்திருக்கிறது! உதடு அசைந்தது. பாய் நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். சாரல் இல்லை.

"மகனே, இந்தப் பாவியை மறந்துடுன்னு சொல்லுதும்மா கொழந்த..."

அதற்குப் பிறகு வரிசை. செல்வராசு மாமா காதை வைத்தார், "என்னைய விட ஜாஸ்தி தெரியுதே இதுக்கு" என்றார். மாமா காதை வைத்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும், "ஆமா, பேசுறா" என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது எல்லாம் புரிந்தது. ஞாயிறு மதியங்களில் அவள் தூங்கவே இல்லை! தூளிக்குள் கண்ணை விழித்துப் படுத்துக்கொண்டு முழுப்படத்தையும் கேட்டிருக்கிறாள். மற்ற நாட்களில் அவள் உதடு அசைவதை நானும் பார்த்திருக்கிறேன். பல் முளைக்கிறது, வாயில் எதையோ போட்டுவிட்டாள் என்று விரலை விட்டுத் தேடியிருக்கிறேன். ஃபேன் சத்தத்தில், மிக்ஸி சத்தத்தில், அந்தக் குரல் எங்கே கேட்கும்? இந்த வீட்டில் பேச்சு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று குழந்தை பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். எத்தனை நாளாக? அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

அன்று இரவு அவளைத் தட்டிக்கொடுக்கும்போது என் காதில், "அம்மா..." என்றாள்.

அழுதேன். அழுது முடித்த பிறகு ஒரு சந்தேகம். ஹீரோ கடைசி சீனில் தாயைக் கட்டிக்கொண்டு அப்படித்தானே சொல்வார்? அது எனக்கா, வசனமா? எனக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். முடிவை மாற்றுவதாக இல்லை.

டாக்டரிடம் போனோம். "வார்த்தை வருதா?" என்று கேட்டார்.

"நிறைய வருது டாக்டர். பாதிக்கு மேல பழிவாங்குறது."

அவர் நிலாவின் வாயருகே குனிந்தார். என்ன சொன்னாளோ, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "நல்லா பேசுறாம்மா. இனிமே வீட்டுல எல்லாரும் சத்தமா பேசுங்க. குரலைத் திறந்தே பேசுங்க. கேட்டுக் கேட்டு அவளும் பேசுவா" என்றார்.

டாக்டர் உத்தரவு! மாமாவுக்கு வேறென்ன வேண்டும்?

இந்த ஞாயிறு மியூட் எடுக்கப்பட்டது. டிவி முழு சவுண்டில். அதற்கு மேலே மூன்று பேர். இத்தனை மாதமாக அடக்கி வைத்த கர்ஜனை அத்தனையும் வந்தது. காலண்டர் ஆடியது. பாயின் அழுகைக்கு எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். சவுண்டைக் குறைக்கச் சொல்ல மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன்.

ரூம் கதவு திறந்தது.

தூளியில் இருந்து தானாகவே இறங்கி வந்து நிலா நின்றாள். தூக்கக் கலக்கமே இல்லை. ஒரு கை இடுப்பில், ஒரு விரல் வாயில். மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். எதிர்வீட்டு அம்மாவுக்கே கேட்கிற குரலில் வந்தது.

"மெல்ல மாமா! பாப்பா தூங்குதுல்ல!"

தாத்தாவை மாமா என்கிறாள். யாருடைய வசனம் என்று விளக்க வேண்டுமா?

மாமா பதறிப்போய் மியூட் போட்டார். செல்வராசு மாமா என்னைப் பார்த்து, ரகசியமாக, "அப்படியே ஒன்ன மாதிரியே இருக்குதும்மா" என்றார்.

ஹீரோ, வில்லன், தாய் என்று அவர்கள் பிரித்துக்கொண்டபோது அந்தக் குரூப்பில் எனக்கு வேலையே இல்லை என்று நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது — சென்சார்!