‘போறேன்’ என்று சொல்ல வாய் வரவில்லை

என் மகள் ஸ்பெயின்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டபோது நான் போகவில்லை. விசா கிடைக்கவில்லை என்று பொழிச்சலூர் முழுக்கச் சொல்லி வைத்தேன். விண்ணப்பமே போடவில்லை என்பது வீட்டுக்காரருக்கும் எனக்கும்தான் தெரியும். ஒரு வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்தேன். பிறகு மனசு இளகியது. சம்பந்தியம்மாவோடு பேசிச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் கணவரை இழந்தவர். ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறார். இங்கிலீஷ் சுத்தமாக வராது. யார் இறங்கி வருவது என்று பார்த்தால், கல்யாணத்துக்கு வராதவள்தானே வர வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஸ்பானிஷ் வகுப்பு நடந்தது. சுற்றிலும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் காட்டாங்குளத்தூர் காலேஜ் பிள்ளைகள். ஆன்ட்டி ஆன்ட்டி என்று ஃபேனுக்கு அடியில் இடம் விடுவார்கள். பள்ளியில் கணக்கு டீச்சராகக் கேள்வி கேட்டே பழகியவள் நான். அங்கே பதில் தெரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விடைபெறுவது எப்படி என்று பாடம். ‘மே வோய்’ என்று சொல்ல வேண்டுமாம். நான் போகிறேன், கிளம்புகிறேன் என்று பொருள். அந்த ஊரில் கடைக்காரர் முதல் கட்டிய மனைவி வரை எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்களாம். வகுப்பு மொத்தமும் சேர்ந்து சொன்னது. எனக்கு வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது வாசலில் நின்று ‘போறேன்’ என்றால், செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ‘போயிட்டு வரேன்னு சொல்லு’ என்று திருத்தித்தான் அனுப்புவேன். சிலிண்டர் போட வருகிறவரையும் விட்டதில்லை. அப்படிப்பட்டவள், அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில், கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் பார்த்து ‘போறேன்’ என்று சொல்வதா?

நானே வழி கண்டுபிடித்தேன். போகிறேன் என்பதற்கு ‘வோய்’. வருகிறேன் என்பதற்கு ‘வேங்கோ’. நடுவில் இரண்டையும் சேர்க்கிற ஒரு ‘இ’ போட்டால் முடிந்தது. வோய் இ வேங்கோ. யாரையும் கேட்கவில்லை. கணக்கு டீச்சருக்கு விடை சரிதானா என்று இன்னொருவரிடம் கேட்கிற பழக்கம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் வீடியோ காலில் பேச ஆரம்பித்தோம். எனக்கு விளக்கு வைக்கும் நேரம், அவருக்கு மதியச் சாப்பாடு முடியும் நேரம். என்ன சமையல், மழையா, முழங்கால் வலி எப்படி, அவ்வளவுதான் பேச்சு. ஏர்போர்ட் பக்கத்தில் என்பதால் மாடிக்கு மேலே விமானம் தாழப் பறந்தால் அவர் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். கடைசியில் நான் கைகூப்பி ‘வோய் இ வேங்கோ’ என்பேன். அவர் தலையாட்டுவார். நான் போனை வைத்துவிட்டு, எவ்வளவு பாங்காக முடித்தோம் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

சில மாதம் கழித்து மகள் கூப்பிட்டாள்.

“அம்மா, உனக்கு அத்தை மேல இன்னும் கோபமா?”

“எனக்கென்னடி கோபம்? வாராவாரம் பேசறேனே.”

“கடைசியா என்ன சொல்லிட்டு போனை வைப்ப?”

பெருமையாகச் சொன்னேன்.

“அப்படிச் சொன்னா இங்க, ‘இதோ வந்துடறேன், இரு’ன்னுதான்மா எடுத்துப்பாங்க.”

அந்த வாரம் அவள் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் பேசி முடித்த பிறகும் சம்பந்தியம்மா சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாராம். ஞாயிறு மதியம் சிநேகிதிகளோடு நடந்துபோய், சதுக்கத்தில் காபி குடித்துவிட்டு வருவது அவர் வழக்கம். அவர்கள் வந்து கீழே மணியடித்தால், ‘நீங்கள் போங்கள், இந்தியாவிலிருந்து என் சம்பந்தி இப்போது வந்துவிடுவாள்’ என்று அனுப்பிவிடுவாராம். நாளடைவில் அவர்களும் மணியடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவராகக் கூப்பிடலாமே என்று மகள் கேட்டதற்கு, ‘வேலையாக இருப்பாள், தொந்தரவு செய்யக்கூடாது’ என்றாராம். பிறகு மெதுவாகக் கேட்டாராம்: ‘கல்யாணத்துக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உன் அம்மா வரவில்லை. இப்போதும் அப்படியே செய்கிறாளே. என்னைப் பிடிக்கவில்லையா?’

மகளிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். அவரைப் பிடிக்கவில்லை என்பது ஒரு காலத்தில் உண்மைதான். அது தீர்ந்துபோன பிறகு, அன்பு காட்டுகிறேன் பேர்வழி என்று கிளம்பி, வயசான பெண்ணை வாராவாரம் காக்கவைத்து, அவருக்கிருந்த நாலு சிநேகிதிகளையும் பிரித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. மகளின் வீட்டு மனுஷியிடம் இப்படி ஒரு பெயர் வாங்கியதை நினைத்து இன்னும் வெட்கம்.

அடுத்த ஞாயிறு போன் போட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கள் ஊரில் போகிறேன் என்று சொல்லமாட்டோம் என்பதை எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் விளக்கப் பார்த்தேன். பாதி புரிந்ததோ என்னவோ, பரவாயில்லை பரவாயில்லை என்றார். வழக்கம்போல முழங்காலைப் பற்றிப் பேசினோம். கடைசியில், சாமி படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

“மே வோய்.”

அவர் போனை வைக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புவெல்வெஸ்?” என்றார். திரும்பி வருவாயா என்று கேட்கிறார். மறுபடி ஏமாறக்கூடாது என்ற ஜாக்கிரதை அந்தக் குரலில் இருந்தது.

சும்மா தலையாட்டிவிட்டுத் தப்பிக்க வழியில்லை. வரமாட்டேன் என்று என் வாயால் சொன்னால்தான் அவர் காத்திராமல் எழுந்து வெளியே போவார். சுமங்கலி, விளக்கு எரிகிற வீட்டில், ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய சொல்லா அது?

“நோ” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கு ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டு, நாற்காலியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.