சீனாய்க்கு ஒரு கிடாரம்

இன்று ஜேர்மனியில், ஹம் நகரில், எங்கள் விவிலிய வகுப்பு கூடியது. அடுத்த வருடம் சீனாய்ப் பாலைவனத்துக்கு யாத்திரை. கொண்டுபோக வேண்டியவற்றை நான் எழுதினேன்.

மன்னார் மரியாக்கா தொடங்கினா. "சோறு காய்ச்சப் பெரிய கிடாரம் ஒண்டு. கூரைக்குப் படங்கு, அரிசி, கருவாடு."

"அக்கா, சாப்பாடும் கூடாரமும் பயணம் ஒழுங்கு செய்யிற ஆக்களே தருவினம்."

"ஓம், தெரியும். நீங்கள் எழுதுங்கோ."

மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். வாசித்துப் பார்த்தால், மடு மாதா திருவிழாவுக்குக் காட்டில் தங்கிச் சமைக்க, இலங்கையில் இருந்த காலத்தில் வீட்டில் கட்டிய அதே மூட்டை. சண்டையால் அந்தப் பாதை இப்போது பூட்டிக் கிடக்கிறது.

ஒருவரும் பட்டியலில் எதையும் வெட்டச் சொல்லவில்லை.

இஸ்ராயேலர் பாலைவனத்துக்குள் போன பிறகுதான் எகிப்தில் சாப்பிட்ட மீனையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள். நாங்கள் டிக்கெட் எடுக்க முன்னமே தொடங்கிவிட்டோம்.

கிடாரத்தை விமானத்தில் ஏற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ.