காலால் பிறந்தவளின் இடுப்பு

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் காலை நீட்டி, அம்மாவைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று பட்டினப்பாக்கத்தில் நம்பாதவர் கிடையாது. மீன் விற்கும் பெண்கள் எங்கள் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்கள் முதுகில் ஏறுவேன். எத்தனை பேருக்குச் சரியானதோ, மாதாவுக்கே வெளிச்சம்.

நாற்பது வயதில் என் இடுப்பே பிடித்துக்கொண்டபோது அதை மிதிக்க என் கால் எட்டவில்லை.

சாந்தோமில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க நாற்காலிதான். ஆறு மாதமாகியும் வலி போகவில்லை. வலியைவிடப் பயம்தான் என்னைத் தின்றது. அம்மாவுக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கவும் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகவும் என்னை விட்டால் ஆள் இல்லை. நான் படுத்துவிட்டால் அம்மாவும் கிடந்த இடத்திலேயே கிடப்பாள்.

"உன்ன மாரியே காலால பொறந்தவன் ஒருத்தன் நொச்சிக்குப்பத்துல கீறான். போய் ஒரு மிதி வாங்கினு வா" என்றாள் அம்மா.

போனேன், புத்தி கெட்டவள். படகு தள்ளிப் பழகிய கால் அது. நான்கு நாள் என்னால் எழ முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா என்னைக் கூப்பிடுவது கேட்கும். பதில் சொல்ல வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அதன்பிறகு குனிவதையே விட்டேன். டாக்டர் சோதித்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை, உடற்பயிற்சி செய்தால் போதும் என்று மயிலாப்பூரில் இருந்த ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். தன் பேனாவைத் தரையில் போட்டுவிட்டு, "குனிஞ்சு எடுங்க மேடம்" என்றாள்.

நான் அசையவில்லை.

"வலிக்கலாம். ஆனா எதுவும் ஒடைஞ்சிடாது. பயந்துக்கிட்டு அசையாம இருக்கீங்க பாருங்க, அதுதான் உங்களைப் படுத்துது."

உனக்கென்ன தெரியும் என்று கோபம் வந்தது. இருந்தாலும் எடுத்தேன். அழுதுகொண்டேதான் எடுத்தேன்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. கையும் காலும் ஊன்றி முதுகை வளைப்பது. நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது, பிறகு அதையே அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்வது. மூன்று மாதத்தில் வலி போனது. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன். இரண்டே மாதத்தில் வலி திரும்பி வந்தது. மறுபடி பாயை விரித்தேன். மூன்று வருடமாக அதைச் சுருட்டவில்லை.

போன மாதம் ஒரு காலையில் அம்மா கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாள். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அந்த நான்கு நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. மண்டியிட்டு, அவளுடைய வலக்கையை என் கழுத்தில் போட்டு, அரிசிப் பையைப்போலவே நெஞ்சோடு அணைத்து எழுந்தேன். கட்டிலில் உட்கார வைத்தேன்.

அன்று அலுவலகத்தில் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் எழுந்து நின்று பார்த்தேன். இப்போது வரும், இதோ வந்துவிடும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். வலி வரவில்லை.

மறுநாள் காலை பாயில் படுத்து இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் வலி போச்சே. இன்னும் இன்னாத்துக்குடி இத்த பண்ணிக்கினு கீற?"

"பயமா கீதும்மா."

அம்மா வலக்கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான்டி" என்றாள். "நிறுத்தாத."