மிளகளவு தோல்

மிளகளவு தோல். அந்த டாக்டரம்மா கேட்டது அவ்வளவுதான். என் மகளின் உச்சந்தலையிலிருந்து மிளகளவு தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். மகள் கொடுக்கத் தயாராக இருந்தாள். நான்தான் கொடுக்க விடவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று ஒத்திப்போட்டால், அதற்குள் எனக்குச் சாதகமாக ஏதாவது காரணம் கண்டுபிடித்துவிடுவேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். வேதியியல் படித்தவன். உலையிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு துண்டுக் கம்பியை வெட்டி எடுத்து, இழுத்து அறுத்துப் பார்த்து, வளைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். லாரி வாசலில் காத்திருக்கும். ஆந்திராவுக்குப் போகிற டிரைவர், "சார், எளாவூர் செக்போஸ்ட்ல வண்டிங்க வரிசை கட்டிக்கினு நிக்குது, சீக்கிரம் உடு சார்" என்று கெஞ்சுவார். மேனேஜர், "நல்ல கம்பிதான் சார், பாத்தாலே தெரியலையா?" என்பார். "பாத்தா தெரியாது சார், வெட்டுனாத்தான் தெரியும்" என்பேன். கொஞ்சம் கர்வத்தோடு சொல்வேன். ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலை போட்டவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருந்தாள். வீடு புதுவாயலில். எளாவூர்ப் பக்கத்தில் ஒரு நல்ல இடம் அமைந்தது. பையன் ஷிப்ட் இன்சார்ஜ். தை மாதத்தில் பூ வைப்பது, வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். பூ வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, பெண்ணை மணையில் உட்கார வைத்து, ஒருவர் பின் ஒருவராக அவள் தலையில் பூச்சூட்டுவார்கள். அதன் பிறகுதான் பெண் அவர்களுடையவள் என்று பேர்.

ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகளுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்த என் மனைவி, "இன்னாங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன். உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடியே இல்லை. சாதாரண வழுக்கை மாதிரியும் இல்லை. மெழுகு பூசியது போல வழவழவென்று இருந்தது. சுற்றி ஓரத்தில் சிவந்திருந்தது.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா எரியுது நைனா. பொடுகுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று திருவள்ளூருக்கு அழைத்துப்போனேன். பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ். வழியெல்லாம் அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தோல் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். ஒரு சின்ன உருப்பெருக்கியை வைத்து அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"முடி கொட்டறது வேற, மயிர்க்காலே செத்துப்போறது வேற" என்றார். "இது ரெண்டாவது மாதிரின்னு எனக்குத் தோணுது. மொளகு அளவு தோல் எடுத்துப் பாத்தா உறுதியாயிடும். ரெண்டு தையல். அந்த எடத்துல கொஞ்சம் முடியக் கத்தரிக்கணும். உறுதியான ஒடனே மாத்திரை ஆரம்பிச்சா, இருக்கற முடியக் காப்பாத்தலாம்."

"லேசர் வச்சா வளருதுன்னு சொல்றாங்களே டாக்டர்?" என்று கேட்டேன். செல்போனில் ஏற்கெனவே நிறையப் படித்திருந்தேன்.

"வேர் உசுரோட இருந்து, முடி மெலிஞ்சு போயிருந்தா லேசர் கொஞ்சம் ஒதவும் சார். அதுக்கும் மாசக்கணக்கா விடாம வைக்கணும். வேரே போயிடுச்சுன்னா வெளிச்சம் அடிச்சு என்ன பண்றது? மொதல்ல எதுன்னு பாப்போம்."

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று இன்று சொன்னால் பொய். ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனக்கண்ணில் ஓடியது வேறு. தை மாதம், மணையில் என் மகள், அவள் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா. பூவைச் செருகப்போகிற விரல் தையல் தழும்பில் இடறுகிறது. அந்த விரலை மட்டுமே பார்த்தேன்.

"யோசிச்சுட்டு வரோம்" என்று எழுந்துவிட்டேன்.

பஸ் நிலையத்தில் மகள் சொன்னாள்: "எடுத்துடலாம் நைனா. முடி போனா போவுது. எரியறது நின்னா போதும் எனக்கு."

"கல்யாணம் முடியட்டும்மா. ஓடியா போவப்போவுது?"

வீட்டில் மனைவி கோபப்பட்டாள். "கம்பிக்கெல்லாம் துண்டு வெட்டிப் பாத்தீங்களே, பெத்த பொண்ணுக்குப் பாக்க மாட்டீங்களா?"

"கம்பிக்குப் பூ வெக்க மாட்டாங்கடீ" என்றேன். சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குள் லேசர் வைத்தாவது முடியை வளர்த்துவிடலாம் என்று நானே முடிவு செய்தேன். திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் அந்த லேசர் நிலையம் இருந்தது. சுத்தமான இடம். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அவர்கள் மீது நான் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏனென்றால் முதல் நாளே ஒரு படிவம் கொடுத்தார்கள். தலைத் தோலில் எரிச்சல், அரிப்பு, சிவப்பு உண்டா? தோல் மருத்துவர் ஏதாவது சோதனை செய்யச் சொல்லியிருக்கிறாரா? மகள் பேனாவை எடுத்தாள். "குடும்மா, நான் எழுதறேன்" என்று வாங்கிக்கொண்டேன். இரண்டுக்கும் நேரே "இல்லை" என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு சோதனை அறிக்கையிலும் நான் பொய்யாக ஒரு புள்ளி வைத்தவனில்லை.

வாரத்துக்கு இரண்டு முறை போனோம். ஒன்று ஞாயிறு, மற்றொன்று அவள் ஷிப்ட் முடித்து வரும் ஒரு நாள். தலையில் கவிழ்க்கிற தொப்பி போன்ற கருவி. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். போட்டவுடன் நெற்றி, காது எல்லாம் சிவந்து தெரியும். அங்கே வேலை செய்த பெண் கலகலப்பானவள். என் வழுக்கையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், பக்கத்துல இன்னொரு சீட்டு காலியாத்தான் கீது. நீங்களும் உக்காருங்களேன், ஜோடியா வளத்துடலாம்" என்பாள்.

"நைனாவுக்கா? அந்தத் தொப்பியே வழுக்கி உழுந்துடும்" என்று மகள் சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் வெளிச்சத்தில் அவளை உட்கார வைத்து உச்சந்தலையைப் படம் எடுப்பேன். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஓரத்தில் மெல்லிய பூனைமுடி தெரிவதாக மனைவியிடம் காட்டுவேன். "எங்க?" என்பாள். "கண்ணாடி போட்டுக்கினு பாரு" என்பேன். இப்போது அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் தெரியும். அந்த வட்டம் ஒவ்வொரு வாரமும் பெரிதாகியிருக்கிறது.

கார்த்திகையில் ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, "நைனா, முன்ன மாதிரி இல்ல, ரொம்ப எரியுது" என்றாள்.

"வெளிச்சம் உள்ள வேல செய்யுதும்மா, அதான்" என்றேன். எங்கே படித்தேன் என்று கேட்டால் எங்கேயும் படிக்கவில்லை. அந்த நேரத்தில் என் வாய்க்கு வந்தது. அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு எரிகிறது என்று அவள் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. குணமாகி வருகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

தை வந்தது. பூ வைக்கும் நாள் காலையில் மனைவி இரண்டு மணி நேரம் போராடினாள். பக்கத்து முடியை இழுத்து மேலே மூடி, கிளிப் போட்டு, சவுரி வைத்துப் பின்னினாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் நின்று பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன், பின்னால் போய்ப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "சரியா இருக்குது" என்றேன். கம்பிக் கட்டை அனுப்பும்போது சொல்கிற அதே குரலில்.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். தட்டு மாற்றினோம். மகள் மணையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பந்து பந்தாக மல்லிகையும் கனகாம்பரமும் வைத்த தட்டோடு அவள் பின்னால் போய் நின்றார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்குப் பின்னால் நின்ற அவருடைய தங்கை ஒரு சரத்தை எடுத்து உச்சியில் வைக்கப் போனார்.

அந்த அம்மாள் சட்டென்று அவர் கையைத் தடுத்தார்.

"மேல வாணாம்டி. அதுக்கு எரியும். கீழ வையி, பின்னல்ல."

மெதுவாகத்தான் சொன்னார். இருந்தாலும் எனக்குக் கேட்டது. பிறகு அவரே குனிந்து, உச்சியைத் தொடாமல், பின்னலின் நடுவில் பூவைச் சுற்றி, ஒரு ஊசியைக் குத்திவிட்டு, "அழுத்துதாம்மா?" என்று கேட்டார். "இல்ல அத்த" என்று என் மகள் அழத் தொடங்கினாள். பெண்கள் எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் குலவையிட்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அந்த அம்மாள் என்னிடம் வந்தார்.

"அண்ணா, டாக்டர்கிட்ட போன அன்னிக்கே உங்க பொண்ணு எம் பையங்கிட்ட போன்ல சொல்லிடிச்சு. எங்க ஊட்டுல எல்லாருக்கும் தெரியும். தோல் எடுத்துப் பாக்கச் சொல்லி அவனும் சொல்லிக்கினுதான் இருந்தான். நைனா மனசு கஷ்டப்படும், பூ வைக்கிற வரைக்கும் போவட்டும்னு உங்க பொண்ணுதான் சொல்லிச்சு." பிறகு, "எங்களுக்கோசரமா மூடி வச்சீங்க?" என்று கேட்டார். கோபமில்லை அந்தக் கேள்வியில். உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "பாயசம் போட்டுக்கம்மா" என்று ஏதோ உளறினேன்.

அடுத்த வாரமே திருவள்ளூருக்குப் போனோம். இந்த முறை மாப்பிள்ளையும் வந்தார். உள்ளே அவளோடு போனது அவர்தான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரண்டு தையல். வெளியே வந்தவள் ஒரு பஞ்சைத் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சின்னப் பஞ்சு.

அறிக்கை வந்ததும் டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். நோயின் பெயர் நீளமானது. அவர் முதலில் சந்தேகப்பட்டதேதான். பழைய சீட்டைப் புரட்டி ஆவணியில் எழுதிய தேதியைப் பார்த்தார். நான் சொன்னேன்: "லேசர் வச்சோம் டாக்டர். அதனாலதான் இப்படி ஆயிடுச்சோ?" அவர் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன்.

"அது மேல பழி போடாதீங்க சார். அது ஒத்துக்கறவங்களுக்கு ஒத்துக்கும். அஞ்சு மாசம் மாத்திரை இல்லாமப் போச்சு, அவ்ளோதான். போன எடத்துல இனிமே வராது. மிச்சத்த நிறுத்தப் பாப்போம்."

மிச்சம் நின்றது. ஆனால் நாணயம் அளவில் இருந்தது அதற்குள் உள்ளங்கை அளவாகியிருந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இப்போது அவள் எளாவூரில் இருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும்போது ஒரு துணியைக் கட்டிக்கொள்கிறாள். வீட்டில் அதுவும் கிடையாது. அந்த வீட்டில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான்தான் பார்க்கிறேன். எங்கே பார்க்காமல் இருக்க வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அங்கேயே பார்க்கிறேன்.

போன மாதம் இரண்டு நாள் இங்கே வந்து தங்கினாள். மதியம் சாப்பிட்ட பிறகு கேட்டேன். "தலை எப்படிம்மா இருக்குது? எரியுதா?"

"இல்ல நைனா. நல்லாருக்குது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் செல்போன் அடித்தது. மாப்பிள்ளை. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"சாப்ட்டேன்... ம்... காலைலேர்ந்து கொஞ்சம் எரியுது. டாக்டரம்மா குடுத்த தைலத்த எடுத்துக்கினு வர மறந்துட்டேன். நாளைக்கு வந்து போட்டுக்கறேன்... ஐய, நைனாகிட்ட இன்னாத்துக்கு?"

நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். மருந்துக்கடைக்காரர் என்ன தைலம் என்று கேட்டார். எனக்குப் பெயர் தெரியவில்லை.