ஆறு பேருக்குக் கூழ்

ஐஸ் தொழிற்சாலை இயந்திரங்களைத் திருத்துவது என் வேலை. எந்தக் கரையில் ஐஸ் உருகுகிறதோ, கொழும்பில் பஸ் ஏறி அந்தக் கரையில் இறங்குவேன். இந்த முறை மன்னார். தாராபுரம் தாண்டி, கடற்கரைப் பக்கமாக ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வீட்டில் முன்னறை வாடகைக்குக் கிடைத்தது. பகல் முழுக்க இயந்திரம் கத்தும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பின்னேரம் அறைக்கு வந்தால் அந்தக் கத்தலும் இல்லை.

மனைவி கனடாவில். மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று மூன்று மாதத்துக்குப் போனவள். பேரனுக்கு இப்போது வாய் நிறையப் பல். தனியாகக் கஷ்டப்படுகிறேனோ என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு புளுகை அவிழ்த்துவிடுவேன்: எனக்கு எங்கே தனிமை, சனம் என்னை விட்டால்தானே. அதை நம்பித்தான் அவள் விசாவை இரண்டு தரம் நீட்டினாள். வா என்று ஒரு தரம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பகிடி விட்டே பெண்சாதியைக் கடல் கடந்து நிறுத்தி வைத்திருக்கிற மனுசன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வந்த மூன்றாம் நாள் முற்றத்தில் பாயில் ஒடியல், கூழுக்கு மாவாக்குகிற பனங்கிழங்கு, காய்வதைப் பார்த்தேன். பார்த்ததும் நாக்கில் கூழ் ஊறிவிட்டது. நண்டு, இறால், சின்ன மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய், மேலே முருங்கையிலை. அவள் போன பிறகு ஒரு நாளும் குடிக்கவில்லை. கூழை ஓர் ஆளுக்குக் காய்ச்ச முடியாது. ஒரு நண்டும் ஒரு இறாலும் ஒரு பயற்றங்காயும் போட்டுக் காய்ச்சினால் அது கூழ் இல்லை, கசாயம்.

காசு தருகிறேன், நாளைக்குக் கூழ் காய்ச்சித் தரமுடியுமோ என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவள் ஒடியலைப் புரட்டிக்கொண்டே, "எத்தனை பேருக்கு ஐயா?" என்றாள்.

கூழ் என்றால் யாரும் கேட்கிற கேள்விதான். நான் ஒருவன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தனியே கூழ் குடிக்க ஆசைப்படுகிறவனை ஊர் என்னவென்று நினைக்கும்? "ஆறு பேர். என்னோட வேலை செய்யிற ஆக்கள் வருவினம்" என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் வேலியோரம் ஒரு பெரிய பானை வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் பனையோலையில் மடித்த ஆறு பிளா. ஆட்கள் எங்கே என்று அவள் கேட்டாள். ஜீப் உயிலங்குளத்தில் டயர் காற்றுப்போய் நிற்கிறது என்றேன். அதில் ஒருவருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். சொல்லி முடித்தபோது அந்த மனுசனை நினைத்து எனக்கே கவலையாகப் போய்விட்டது.

பூசைக்கு நேரமாகிவிட்டது, வந்தால் நீங்களே ஊற்றிக் கொடுங்கள் என்று அகப்பையை என் கையில் தந்துவிட்டு, அவள் வீட்டாரோடு கோயிலுக்குப் போனாள்.

அப்போதுதான் என் புத்தி எவ்வளவு மட்டம் என்று தெரிந்தது. பிளாவுக்கு அடி கிடையாது. தோணி மாதிரி மடித்த ஓலை. கீழே வைத்தால் சரிந்து ஊற்றுப்படும். குடிப்பவன் இரண்டு கையாலும் ஏந்தியிருக்க, இன்னொருவர்தான் அகப்பையால் ஊற்றவேண்டும். எங்கள் வீட்டில் மனைவி ஊற்றுவாள், நான் ஏந்துவேன். இத்தனை வருடத்தில் நான் அகப்பையைத் தொட்டதே இல்லை.

இடது கையில் பிளாவைப் பிடித்து வலது கையால் ஊற்றினேன். பாதி பிளாவில், மீதி சேர்ட்டில். ஒரு நண்டுக்கால் பொக்கெற்றுக்குள் போய்விட்டது. பிறகு இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் உறிஞ்சினேன். சுட்டது, உறைத்தது, புளித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்புக்குத்தான் வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கதிரையில் கிடந்த ஃபோன் அடித்தது. அவள்தான். அங்கே காலை. பிளாவை வைக்க முடியாது, கூழைக் கொட்டவும் மனமில்லை. குனிந்து மூக்கால் அழுத்தி எடுத்தேன். அது எப்படியோ ஸ்பீக்கரிலும் விழுந்தது.

என்ன செய்கிறேன் என்று கேட்டாள். கூழ் குடிக்கிறேன், ஆறு பேர், ஒரே கலகலப்பு என்றேன். ஒரு சத்தத்தையும் காணவில்லையே என்றாள். எல்லாருக்கும் வாய்க்குள் கூழ் என்றேன்.

"பிளாவிலயோ?"

"ஓம்."

"ஆர் ஊத்தினது?"

எத்தனையோ பதில் இருந்தது. வீட்டுக்கார அம்மா என்றிருக்கலாம், சீனி வருத்தக்காரர் என்றிருக்கலாம். எனக்கு ஊற்றிப் பழகியவள் கேட்கிறாள். வரிசையாகக் கிடந்த மற்ற ஐந்து பிளாவையும் பார்த்தேன்.

"ஒருத்தருமில்லையப்பா. நான்தான் ஊத்தினனான். ஆறு பேருமில்லை."

அந்தப் பக்கம் பேரன் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. "சேட்டிலயும் ஊத்திப்போட்டியள், என்ன?" என்றாள்.

"நண்டு பொக்கெற்றுக்க."

அவள் சிரிக்கவில்லை. "சரி, வாறன்" என்றாள். ஃபோன் நின்றுவிட்டது.

எங்கள் பக்கம் விடைபெறுகிறபோதும் வாறன் என்றுதான் சொல்வோம், போறன் என்று வாயில் எடுக்கமாட்டோம். ஆனால் அவள் ஃபோனில் வழக்கமாகச் சொல்வது "வைக்கிறன்". இது எந்த வாறன்? திருப்பி எடுத்துக் கேட்டிருக்கலாம். கை இரண்டிலும் பிளா.

கூழ் ஆறி ஆடை படரும்வரை அப்படியே நின்றேன். பூசை முடிந்து வந்த அம்மா என் சேர்ட்டைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், பிளாக்களை எண்ணினாள். பிறகு அகப்பையைக் கழுவி, பானையைத் திரும்பச் சூடாக்கிவந்து, ஆறியதைக் கொட்டச் சொல்லி, சுடச்சுட என் பிளாவை நிரப்பினாள்.

"ஒருத்தரும் வரேல்லயோ ஐயா?"

"ஒராள் வாறன் எண்டவ" என்றேன்.

"அப்ப அவவுக்கு எடுத்து வைப்பம்" என்று ஒரு வெறும் பிளாவை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தைத் தன் வீட்டாருக்கு ஊற்றத் தொடங்கினாள்.