முன்பிரேக்கில் புகுந்த காற்று

வைத்திக்குப்பத்து மதிவாணனுக்குக் கரையில் உட்காரத் தெரியாது. விசைப்படகில் பன்னிரண்டு வருடமாக இன்ஜின் டிரைவர். கடலில் இருபது மணி நேரம் கண் விழித்து இருப்பான். வீட்டில் இருபது நிமிடம் நாற்காலியில் தங்க மாட்டான். மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் பதினைந்து முதல் ஜூன் பதினான்கு வரை, அறுபத்தொரு நாள். 2024ஆம் ஆண்டு தடையில் முதல் ஒரு மாதத்துக்குள் வீட்டு மின்விசிறியையும் காஸ் அடுப்பையும் பக்கத்து வீட்டு வசந்தாவின் மிக்சியையும் கழற்றிப் பூட்டியிருந்தான். முதல் இரண்டும் தேறின. மிக்சி தேறவில்லை.

அந்த நாட்களில் அவனுக்கென்று இருந்த நிலையான வேலை ஒன்றே ஒன்று. மனைவி கார்குழலியைக் காலை ஏழு மணி டியூட்டிக்குக் கோரிமேட்டில் பைக்கில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்சுகளுக்கு உதவியாளர். மே பதினைந்து, புதன்கிழமை, அந்த வேலையும் கையைவிட்டுப் போயிற்று.

அன்று பூ வாங்கிக்கொண்டு போகலாம் என்று பெரிய மார்க்கெட் பக்கம் சுற்றினார்கள். ஆறு இருபதுக்கு, வாழைத்தார் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. மதிவாணன் முன்பிரேக் லீவரை அழுத்தினான். அது பஞ்சுபோல அமுங்கிக் கைப்பிடியைத் தொட்டது. பின்பிரேக்கும் தரையில் தேய்த்த இரண்டு கால்களுமாக வண்டியை நிறுத்தியபோது முன்சக்கரம் தள்ளுவண்டியில் முட்டிக்கொண்டு நின்றது. கார்குழலி இறங்கி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவன் சாவியோடு வாசலில் நின்றான். அவள் அவனைத் தாண்டி பஸ்ஸுக்குப் போனாள்.

தடையின் முப்பத்தைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் ஊருக்குப் போயிருந்தான், செவ்வாய்தான் வருவான். ஜெய்னுலாபுதீனின் உதிரிபாகக் கடை மட்டும் ஒரு மணி வரை திறந்திருக்கும். மதிவாணன் பன்னிரண்டே முக்காலுக்குப் போய் கால் லிட்டர் பிரேக் ஆயிலும் இரண்டடி பிளாஸ்டிக் குழாயும் கேட்டான். செவ்வாய் வரைக்கும் பொறுத்தால் என்ன என்றார் கடைக்காரர். பொறுப்பதைத் தவிர எல்லாம் தன்னால் முடியும் என்றான் இவன். பிரேக்குக்கு இதற்கு முன் ஏர் எடுத்திருக்கிறாயா, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியிருக்கிறாயா என்று அவர் விடாமல் கேட்டார்.

"கடல்ல இன்ஜினுக்கே ஏர் எடுக்கறவன் பாய் நானு."

"கடல்ல தள்ளுவண்டி குறுக்க வராது, டிரைவரே."

அவர் செய்முறையைச் சொல்லத் தொடங்கினார். இவன் அதற்குள் படியிறங்கிவிட்டான். ஆயில் பட்டால் பெயிண்ட் உரியும், டேங்க் மேல் ஈரத்துணி போடு என்று அவர் பின்னாலிருந்து சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மூன்று மணிக்கு வண்டியை வாசலில் நடு ஸ்டாண்டில் ஏற்றினான். ஈரத்துணி போட்டான். லீவருக்குப் பக்கத்தில் இருந்த ஆயில் டப்பியின் மூடியை உப்புக்காற்று கடித்திருந்தது. இரண்டு திருகையும் கழற்றவே பதினைந்து நிமிடம் ஆயிற்று. உள்ளே ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. கீழே, சக்கரத்தோரம் காற்றை வெளியேற்றவென்று இருந்த துளையுள்ள சின்னத் திருகில் குழாயின் ஒரு முனையைச் செருகி, மறுமுனையைக் காலி பாட்டிலுக்குள் தொங்கவிட்டான்.

படகில் டீசல் குழாயில் காற்றுப் பிடித்தால் அவன் செய்வது இதுதான்: திருகைத் தளர்த்தி அப்படியே விட்டுவிட்டுக் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருப்பான். முதலில் நுரை வரும், பிறகு சுத்தமான டீசல் வரும், திருகை இறுக்குவான். இருட்டில், அலையில், நூறு முறை செய்த கை. அதே கை இப்போதும் திருகைத் திறந்து வைத்துவிட்டு லீவரை அடித்தது. நாற்பது முறை, ஐம்பது முறை. குழாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது. டப்பி வற்ற வற்றப் புது ஆயிலை ஊற்றினான். நான்கு மணிக்குப் புது ஆயில் பாட்டிலில் கால்பங்குதான் மிச்சம். லீவர் புதன்கிழமையைவிட மோசமாகத் தொளதொளத்தது. கடை மூடி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாள் திங்கள், டியூட்டி ஏழு மணிக்கு.

கார்குழலி உள்ளே சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"மாமா, நீ கைய விடும்போதெல்லாம் அந்தக் குமிழி திரும்பி உள்ள போவுது."

"போட்டுல இப்படித்தான் எடுப்போம்."

"இது இன்னா போட்டா?" அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ட்ரிப்ஸ் பாட்டில் மாத்தும்போது முதல்ல கிளிப்ப மூடுவாங்க. அப்புறந்தான் கழட்டுவாங்க. தொறந்தே வெச்சிருந்தா காத்து பூந்துடும்."

மதிவாணன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தான். கரையில் இழுத்துப் போட்டிருந்த படகுகளைச் சுற்றி இரண்டு நடை நடந்தான். கோபம் அவள் மேல் இல்லை என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது சுற்றில்தான் புத்தியில் பட்டது. படகின் கைப்பம்புக்குள் வால்வு இருக்கிறது. தள்ளியதைத் திரும்ப விடாது. இங்கே லீவரை விட்டால், திறந்திருக்கும் வழியாகவே எல்லாம் திரும்பும். அதைத் தடுக்க அந்தச் சின்னத் திருகைத் தவிர வேறு காவல் இல்லை.

பதினோரு நிமிடத்தில் திரும்பி வந்தவன் ஸ்பேனரை எடுத்தான்.

"கொழலி, வந்து லீவரப் புடி. நான் மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும் விடாத."

அவள் வந்து பிடித்தாள். குழாயின் முனை ஆயிலில் முழுகியிருக்கும்படி பாட்டிலை அவன் சரிசெய்தான். அவள் அழுத்திப் பிடித்தாள், அவன் திருகைக் கால் சுற்றுத் திறந்தான், குமிழியோடு ஆயில் வந்தது, மூடினான், சொன்னான், அவள் விட்டாள். டப்பியில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு தடவை, மூடுவதற்கு முன்பே அவன் அவசரத்தில் வாய் திறந்துவிட்டான். அவள் விடவில்லை. "முதல்ல மூடு, அப்புறம் சொல்லு" என்றாள். பதினாறாவது முறை குமிழி சிறுத்தது. பத்தொன்பதாவது முறை இல்லவே இல்லை. லீவர் பாதி தூரத்தில் கல்போல நின்றது. புது ஆயில் பாட்டிலில் அரை விரற்கடை மிச்சம் இருந்தது.

பூட்டி முடித்து, இப்போது ஏறுவாயா என்று கேட்டான். காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள்.

திங்கள் காலை ஆறு ஐந்துக்கு அவள் தெருக்குழாய் அருகே நின்றுகொண்டு, தெருமுனையிலிருந்து ஓட்டி வந்து தன் முன்னால் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான். இன்னொரு முறை என்றாள். மூன்றாவது முறை சக்கரம் அவள் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் ஏறினாள். கோரிமேடு வரை அவன் தோளைத் தொடவில்லை, பின்கம்பியைப் பிடித்தே வந்தாள். எதிரே எது வந்தாலும் அவன் தேவைக்கு முன்பே பிரேக் பிடித்தான். பஸ் ஒன்று அவர்களை முந்திப் போயிற்று.

மருத்துவமனை வாசலில் இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"சாயந்தரம் நாலரைக்கு வா."

வீட்டுக்கு வந்தவன் பதினோரு தடவை லீவரை அழுத்திப் பார்த்தான். திருகில் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தான். விரல் காய்ந்தே வந்தது. நாலே காலுக்குப் புறப்பட்டாலும் போதும். அவன் மூன்றரைக்கே கோரிமேட்டில் நின்றான்.