ஒரு பக்கம் சாய்ந்த கோல்கீப்பர்

வடதுருவத்திலிருந்து உடும்பஞ்சோலை வரை சல்லடை போட்டுத் தேடினாலும் அன்னாளைப் போல ஒரு ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் கிடைக்க மாட்டாள். கால்பட்டையைக் கட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் அவள் குனிந்து நின்றால் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகும். பனிக்கரடிகள் அவளைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். இதெல்லாம் சத்தியம்.

கூடவே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருடப் போட்டியில் முதல் இரண்டு ஆட்டத்தில் மட்டும் அவள் இருபத்தைந்து கோல் வாங்கினாள்.

அன்னாளுக்கு இருபது வயது. மலைமேல் இருக்கிற ஒரு சின்னக் கல்லூரியில் பி.காம் கடைசி வருடம். அப்பா சுவக்கீன், ஓர் எஸ்டேட்டின் மிளகுக் களத்துக்குக் கண்காணி. அம்மா அதே எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறவள். பள்ளிக்கூடத்தில் எந்த விளையாட்டிலும் அன்னாளைச் சேர்த்ததில்லை. ஓடச் சொன்னால் இருபது அடியில் மூச்சு வாங்கும். ஆனால் சனிக்கிழமைகளில் எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போவாள். மேஜையில் கொட்டி உருண்டோடும் காய்களுக்கு நடுவே வெடித்த காயை மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் பொறுக்கி எறியும் கை அவளுக்கு. கல்லூரி விளையாட்டு ஆசிரியர் மணிகண்டன் சார் ஒருநாள் அதைப் பார்த்தார். அன்றிலிருந்து அவள் கோல்கீப்பர்.

ஏலக்காட்டுக்குள் ஐஸ் ஹாக்கி எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சார் ஒரே காரணத்தைச் சொல்வார்.

"வாலிபால்னா மாவட்டத்துல முப்பது டீம் இருக்கு. கபடின்னா அதுக்கு மேல. எல்லாவளையும் தோற்கடிச்சு நீங்க வடக்க போறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிருவேன். இந்த ஆட்டத்த சுத்துவட்டாரத்துல எவளும் ஆடல. பேரு குடுத்தா நேரா அகில இந்தியப் போட்டிக்கே போயிரலாம்."

"சாரே, ஐஸுக்கு எங்க போவோம்?" என்று அந்த வருடம் சேர்ந்த பின்சி கேட்டாள். முதல் வருடப் பெண். இங்கிலீஷ் தாளில் இரண்டு முறை விழுந்தவள். யாருடைய டிபன் பாக்ஸில் எதை ஒளித்துவைக்கலாம் என்பதிலேயே நாளைக் கழிக்கிறவள். முன்வரிசையில் கோல் அடிக்கிற பொறுப்பு அவளுக்கு.

"அது அங்க இருக்கும்" என்றார் சார்.

ஐஸ் அங்கே இருந்தது. இங்கே இருந்தது சுவக்கீனின் சிமெண்ட் களம். டிசம்பர் முதல் மார்ச் வரை அதில் மிளகு காயும். பனி விளையாட்டுக்கும் அதே மாதங்கள்தான். ஐந்து மணிக்கு மிளகை வாரிச் சாக்கில் கட்டிய பிறகு பன்னிரண்டு பெண்கள் சக்கர ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஐஸில் அடிக்கிற வட்டுக்குப் பதில் ஒரு ரப்பர் பந்து. கோல் ஒன்றுதான், மேல்பக்கம் ஸ்டோர் கதவு இருந்ததால் அதைக் கீழ்ப்பக்கம் நட்டிருந்தார்கள். எவ்வளவு பெருக்கினாலும் சிமெண்ட் வெடிப்பில் நாலு மிளகு கிடக்கும். தடுப்பு வரிசையில் நிற்கும் கற்பகம் தேயிலை ஃபேக்டரிக்காரர் மகள். அவள் குறுக்கே நின்றால் ஜீப்பே யோசிக்கும். அவளையும் ஒற்றை மிளகு மல்லாத்திப் போட்டுவிடும். விழுந்து எழுந்தால் சாக்ஸில், ஹெல்மெட்டில், மெத்தைப் பஞ்சை வைத்துத் தைத்த கால்பட்டையில் எல்லாம் மிளகு.

இப்படி உருண்ட முதல் வருடம் கோலுக்கான சாமான்கள் வந்து சேரவில்லை. இரண்டாம் வருடம் ரயில் டிக்கெட் கடைசி வரை உறுதியாகவில்லை. மூன்றாம் வருடம் எல்லாம் கூடி வந்தபோது சுவக்கீனுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"மூணு வருசமா உருளுதீங்க. எவளையாவது தோற்கடிச்சீங்களாட்டி?"

"ஆடினாத்தானப்பா தோற்கடிக்க?"

"நசுங்குன மிளகுக்கு முதலாளிகிட்ட பதில் சொல்லுதது நானு. இந்தத் தடவ ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வா. இல்லன்னா களத்துக்குச் சங்கிலி போட்டுருவேன். அப்புறம் அழுதுட்டு நிக்கக் கூடாது."

சுவக்கீன் சொன்னால் செய்கிறவர். சுற்றி எங்கும் வேறு களம் கிடையாது. களம் போனால் அணி போகும். அன்னாள் எப்படியும் மார்ச்சில் கல்லூரியை விட்டுப் போகிறவள். மற்ற பதினொரு பேரும் அடுத்த வருடம் எதில் உருளுவார்கள்? தன் கையில் வந்து அணி முடிந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மூன்று நாள் ரயிலிலும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தது அதற்காகத்தான்.

முதல் ஆட்டம் பதினாலு கோல். எதிரணி பனி மலையில் பிறந்த பெண்கள். காலில் பிளேடோடுதான் பிறந்திருப்பார்கள் போலிருந்தது. சரி, போகட்டும். இரண்டாவது ஆட்டம் சமவெளிக் கல்லூரி ஒன்றோடு. அவர்களும் முட்டுத் தேய விழுந்து எழுகிறவர்கள்தான். அவர்களும் பதினொன்று அடித்தார்கள். நம்மவர்கள் இரண்டு ஆட்டத்திலும் ஒன்றுகூட அடிக்கவில்லை. பின்சி அடித்ததெல்லாம் கோலுக்கு ஒரு முழம் இடது பக்கமாகப் போய்ச் சுற்றுப் பலகையில் மோதியது.

அன்னாள் கோல்கம்பத்தை மட்டையால் ஓங்கி அடித்தாள். எதிரிக்காரி அடிப்பது தெரிகிறது. வட்டு வருவது தெரிகிறது. எந்தப் பக்கம் என்றும் தெரிகிறது. உடம்பு மட்டும் இடது பக்கம் சாய்கிறது, வட்டு வலது பக்கம் போகிறது. இருபத்தைந்தில் இருபத்திரண்டு வலது பக்கம்.

"வலது பக்கம் ஒரு போர்டு எழுதி வச்சிரலாம்க்கா," என்றாள் பின்சி. "'இவ்வழியே வருக'ன்னு."

"வாய மூடு. நீ அடிச்ச ஒன்னாவது உள்ள போச்சா?"

"நான் கோலுக்கு அடிக்கல. பலகைய சோதிச்சேன்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்கட்டி," என்றாள் கற்பகம். தொடையில் ஐஸ் கட்டியை வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மட்டும் இங்க வந்து சந்தோசம். கீழ விழுந்தா மிளகு குத்தல."

மணிகண்டன் சார் போனில் 'ஐஸில் நிற்பது எப்படி' என்று ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தார். அது உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்கான படம்.

மூன்றாவது ஆட்டம் மறுநாள் காலை பதினொரு மணிக்கு. அதுதான் கடைசி. பத்து மணிக்குப் பயிற்சிக்கு இறங்கும்போது கற்பகத்தின் பையிலிருந்து களத்துப் பந்து நழுவி ஐஸில் விழுந்தது. இரண்டு முறை துள்ளியது. நின்றது.

அன்னாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பந்தும் அங்கேயே இருந்தது.

"ஏட்டி, அது நிக்கி" என்றாள்.

"எது?"

"பந்து. விட்ட எடத்துல நிக்கி."

"பந்துன்னா நிக்கத்தானக்கா செய்யும்?"

"நம்ம களத்துல என்னிக்காவது நின்னுருக்கா?"

மிளகுக் களத்தை யாரும் சமமாகப் போடுவதில்லை. திடீர் மழை பெய்தால் தண்ணீர் ஒரே மூலைக்கு வடிய வேண்டும். வடிகிற மூலை கோலில் நிற்கிற அன்னாளுக்கு இடது பக்கம், எதிரே நின்று அடிக்கிறவர்களுக்கு வலது பக்கம். மூன்று வருடமாக அங்கே அடித்த பந்தெல்லாம் கடைசியில் அந்த மூலைக்கு வளைந்து வந்தது. மூன்று வருடமாக அன்னாள் அதற்கு முன்பே அந்தப் பக்கம் சாய்ந்தாள். பின்சியும் மற்றவர்களும் வளைவுக்குச் சேர்த்துத் தங்கள் இடது பக்கம் ஒரு முழம் தள்ளி அடித்துப் பழகினார்கள். மலையில் பிறந்தவர்களுக்கு வீட்டு முற்றமே சரிவு. பள்ளி மைதானம் சரிவு. கோயில் படி இறங்கினால் அதற்குக் கீழேயும் சரிவு. களம் சாய்ந்திருக்கிறது என்று எவளுக்குத் தோன்றும்?

"அப்ப நம்ம எல்லாரும் சரிவுக்கு ஆடுதோம்," என்றாள் கற்பகம். "இவனுக தரைய நேரா போட்டு நம்மள ஏமாத்திட்டானுக."

தெரிந்துவிட்டால் போதுமா? அன்னாள் கோலில் நின்றாள். பின்சி மெதுவாக ஒன்று அடித்தாள். அன்னாள் இடது பக்கம் சாய்ந்தாள். இன்னொன்று. மறுபடியும் இடது பக்கம். மூளைக்குத் தெரிந்தது இடுப்புக்கு எட்டவில்லை. பத்தாவது அடியில் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "முடியல! என்னால முடியலட்டி!" என்று கத்தினாள். பக்கத்து அணிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்னாள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

உடை மாற்றும் அறையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பின்சி கீழே குந்தி அவளுக்குப் பூட்ஸை மாட்டிவிட்டு, கயிற்றுக்கு மேல் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். ஐஸ் பூட்ஸ் அங்கே இரவல் வாங்கியது, அன்னாளுக்கு ஓர் அளவு பெரியது. டேப் சுற்றாவிட்டால் கழன்றுவிடும்.

ஆட்டம் தொடங்கி முதல் வட்டு வந்தது. அன்னாள் இடது பக்கம் சாய்ந்தாள். இடது உள்ளங்காலில் சுள்ளென்று ஏதோ குத்தியது. துடித்து வலது காலுக்கு மாறினாள். வட்டு வலது கால்பட்டையில் மோதி வெளியே போனது.

அடுத்தது வந்தது. சாய்ந்தாள். மறுபடியும் சுள். ஊசியை வைத்துத் தைப்பதுபோல. பூட்ஸில் ஆணி கிளம்பிவிட்டது என்று நினைத்தாள். ஒவ்வொரு முறை இடது பக்கம் கனத்தைப் போடும்போதும் ஆணி அவளைக் கோலின் நடுவுக்குத் துரத்தியது. எதிரணியின் உயரமான பெண் மூன்று முறை தனியாக வந்து அடித்தாள். மூன்றும் அன்னாளின் நெஞ்சில். முதல் இடைவேளையில் அவள் நொண்டிக்கொண்டே வந்தாள்.

"இத கழட்டுட்டி. உள்ள ஆணி நிக்கி."

"கழட்டுனா திரும்பக் கட்ட முடியாதுக்கா," என்றாள் பின்சி. "டேப் தீந்துபோச்சு."

"இருந்த ஒரு டேப்பையும் என் கால்லயே சுத்துனியா? உன்ன..."

மிச்சத்தை ஐஸில் வைத்துத் திட்டினாள். ஆட்டம் முழுக்கத் திட்டினாள். வட்டை, பூட்ஸை, பின்சியை, களத்தைப் போட்ட கொத்தனாரை. திட்டிக்கொண்டே தடுத்தாள். வலது பக்கம், நடுவில், ஒருமுறை கழுத்தில். கடைசி நிமிடத்தில் பின்சிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எதிர்க் கோல் திறந்து கிடந்தது. பின்சி அடித்தாள். ஒரு முழம் இடது பக்கமாகப் போய்ப் பலகையில் மோதியது.

சைஃபர், சைஃபர். மணி அடித்தது.

மற்றவர்கள் ஜெயித்ததுபோல் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அன்னாள் குதிக்கவில்லை. ஜெயிக்கவில்லை, அவ்வளவுதான் அவளுக்கு. கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, இடது பூட்ஸைக் கையில் கவிழ்த்தாள். ஒன்பது மிளகு. அவர்கள் சாமான்களில் மிளகு புகாத இடம் ஏது? எந்தப் பை மடிப்பிலிருந்தோ உதிர்ந்திருக்கும். வெளியே வந்து, "ஆணி இல்ல, மிளகுதான்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் ரயில், அதற்கு மேல் பஸ், ஜீப். சுவக்கீன் களத்து ஓரத்தில் நின்றிருந்தார். கையில் சங்கிலி.

"ஜெயிச்சியா?"

"இல்லப்பா."

"அப்ப தோத்தாச்சு."

"கடைசி ஆட்டம் தோக்கவும் இல்ல."

"ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்லன்னா என்னட்டி அர்த்தம்?"

"சமம்."

சுவக்கீன் சங்கிலியைப் பார்த்தார். தான் போட்ட கணக்கில் இப்படி ஒரு விடை இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் களத்துக்குக் குறுக்கே, சரியாக நடுவில், சங்கிலியைக் கட்டியிருந்தார். மேல்பாதி மிளகுக்கு. தண்ணீர் வடிகிற கீழ்ப்பாதி பிள்ளைகளுக்கு.

"பாதிக் களத்துல எப்படிப்பா ஆடுறது?"

"பாதி ஜெயிச்சவளுக்குப் பாதிக் களம்."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. அன்னாள் கோலைப் பிடுங்கிச் சங்கிலி ஓரமாக நட்டாள், மிளகுக்கு முதுகு காட்டி. வடிகிற மூலைக்கு இனி யாரும் பழகக் கூடாது. இனி பந்தைக் கீழே நின்று மேல்நோக்கி அடிக்க வேண்டும். தடுக்காத பந்து மிளகுக்குள் போகும், சுவக்கீனிடம் திட்டு விழும். அடுத்த கோல்கீப்பர் அதற்குப் பயந்தாவது நிமிர்ந்து நிற்பாள்.

இதுவரை எழுதியதைக் கல்லூரி மலருக்குக் கொடுப்பதற்கு முன்னால் அன்னாள் வாங்கிப் படித்தாள். பனிக்கரடியில் ஒருமுறை சிரித்தாள். மீனவர் படத்தில் சிரித்தாள். பிறகு ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி பின்சி."

"என்னக்கா? எழுத்துப் பிழையா?"

"மிளகுன்னு மட்டுந்தான் நான் சொன்னேன். கதவத் தாப்பாள் போட்டு எண்ணிப் பாத்துட்டு அங்கேயே கொட்டிட்டு வந்தேன். ஒன்பதுன்னு உனக்கு எவ சொன்னா?"

எழுதியவள் நோட்டைப் பிடுங்கப் பார்த்தாள். கோல்கீப்பர் கை அது; விடவில்லை.

"அப்ப டேப்பும் தீரல, என்னட்டி?"